பத்தாம் வகுப்பை முடிக்காத பிள்ளைகளும் நம் பங்கும்

(பொன்விழா ஆண்டின் பெற்றோர் நாளன்று, மாலைத் திருப்பலிக்குப் பின் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழாக் கூட்டம் என்றால் கோவில் எழுந்த வரலாற்றையும், மணி வாங்கிக் கொடுத்தவர்களின் பெயரையும், நமக்கு முன் இங்கே பணிபுரிந்த குருக்களின் தியாகத்தையும் பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவை எல்லாம் மலரில் வர இருக்கின்றன. படங்களோடு வர இருக்கின்றன. இன்று வேறொன்றைப் பற்றிப் பேச உத்தரவு கேட்கிறோம்.

விழா மலருக்காகக் குடும்பக் கணக்கு எடுத்தோம் அல்லவா? அன்பியப் பொறுப்பாளர்கள் நோட்டும் கையுமாக வீடு வீடாக வந்தார்கள். பெயர், வயது, திருமுழுக்கு, முதல் நற்கருணை, உறுதிபூசுதல், திருமணம், தொழில் என்று கட்டம் போட்டிருந்தோம். படிப்பு என்று ஒரு கட்டமும் இருந்தது. நோட்டுகள் எல்லாம் வந்து சேர்ந்த பிறகு ஓர் இரவு உட்கார்ந்து புரட்டினோம். அருட்சாதனக் கட்டங்கள் அநேகமாக எல்லாமே நிரம்பியிருந்தன. மனத்துக்கு நிறைவாகத்தான் இருந்தது. படிப்புக் கட்டத்துக்கு வந்தபோது அந்த நிறைவு போய்விட்டது. "எட்டு வரை", "ஒன்பது பாதி", "பத்து பெயில்", "நின்னுட்டான்". ஒரு வீட்டில் "படிக்கிறான்" என்று பென்சிலால் எழுதி, பிறகு அழித்து, மேலே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்கள். அழித்த இடத்தில் எழுத்து இன்னும் தெரிந்தது. எழுதியது தாயாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

மறைக்கல்விக்கு இரண்டு ஞாயிறு வராத பிள்ளையைத் தேடி ஆள் அனுப்புகிறோம். பள்ளிக்கு இரண்டு மாதம் போகாத பிள்ளையைத் தேடி யார் போனோம்?

உங்களைக் குற்றம் சாட்டுவதற்கு முன்பு எங்கள் கணக்கைச் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வேறோர் ஊரில் ஒரு பள்ளிக்குத் தாளாளராக இருந்தோம். ஊரும் பள்ளியும் இங்கே வேண்டாம். அந்தப் பள்ளியில் பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று வாசலில் பெரிய தட்டி வைப்பது வழக்கம். அந்த நூறு எப்படி வருகிறது என்று பெற்றோர்களில் பலருக்குத் தெரியாது. பத்தாம் வகுப்பில் தவறிவிடுவான் என்று தோன்றுகிற பிள்ளையை ஒன்பதாம் வகுப்பு முடிவில் தகப்பனோடு கூப்பிட்டு, "இவனுக்கு இங்கே சரிப்படாது, வேறு பள்ளி பாருங்கள்" என்று பதமாகச் சொல்லி மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிடுவது. வேறு பள்ளி அவனைச் சேர்க்காது. சேர்க்காது என்பது கொடுப்பவருக்கும் தெரியும். அப்படிப்பட்ட தாள்களில் நாங்களும் கையொப்பமிட்டோம். "நாங்கள்" என்று பன்மையில் பேசுவது குருக்களின் பழக்கம். ஆனால் அன்று பேனாவைப் பிடித்தது ஒரே கைதான்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவனை மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் காரைக்காலில் அரசலாற்றங்கரை மீன்பிடித் துறைமுகத்தில் பார்த்தோம். படகுக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தான். அவன்தான் எங்களை அடையாளம் கண்டான். "சாமி, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டான். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். "நீ என்னப்பா பண்றே?" என்று கேட்டதற்கு, "நீங்க டி.சி. கொடுத்தப்போ அப்பா இங்க கூட்டிட்டு வந்துட்டாரு சாமி" என்றான். அவனைப் பற்றி மேலும் சொல்ல வேண்டியிருக்கிறது. பிறகு சொல்கிறோம்.

இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 2009இல் வந்தது. 2010 ஏப்ரல் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டம். ஆனால் அது 6 வயது முதல் 14 வயது வரைதான் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்கிறது. எட்டாம் வகுப்போடு அந்தப் பிடி விட்டுவிடுகிறது. ஏழை வீட்டுப் பிள்ளைக்குச் சோதனை தொடங்குவதோ சரியாக அந்த வயதில்தான். தோளில் வலை தூக்கும் பலம் வருவது பதினாலில். தாய் நடவுக்குப் போனால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பக்குவம் பெண்பிள்ளைக்கு வருவதும் பதினாலில். பாடங்கள் திடீரென்று கடினமாவதும் ஒன்பதாம் வகுப்பில். மூன்றும் ஒரே நேரத்தில் வந்தால் பிள்ளை என்ன செய்யும்?

நம் ஊருக்கென்று சில தனிக் காரணங்களும் உண்டு. காளிக்குப்பம், அக்கம்பேட்டை, கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி என்று கரையோரம் போனால், ஃபைபர் படகுக்காரர்கள் பின்னிரவில் கடலுக்குப் புறப்படுகிறார்கள். உடன் போன பையன் விடிந்து கரை சேர்ந்து, ஏலம் முடிந்து, வலையைச் சுத்தம் செய்துவிட்டு வரும்போது பள்ளியில் இரண்டாம் மணி அடித்திருக்கும். முதலில் வாரம் ஒரு நாள், பிறகு மூன்று நாள், பிறகு நின்றுவிடுகிறான். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தகப்பனையோ அண்ணனையோ பறிகொடுத்த வீடுகளில், அன்று சிறு பையனாக இருந்தவன் துடுப்பைப் பிடித்தான். அவனுடைய பிள்ளைகள் இன்று பள்ளிக்குப் போகும் வயதில் இருக்கிறார்கள். நெடுங்காடு, திருநள்ளாறு பக்கம் நடவும் அறுப்பும் இதே வேலையைச் செய்கின்றன. அங்கே பாதிக்கப்படுவது பெரும்பாலும் பெண்பிள்ளை.

இன்னொன்று நம் எல்லை. வடக்கே நண்டலாற்றைத் தாண்டினாலும், தெற்கே வாஞ்சூரைத் தாண்டினாலும் தமிழ்நாடு. பிழைப்புக்காகக் குடும்பங்கள் இந்த எல்லையை வருடத்துக்கு வருடம் தாண்டுகின்றன. முன்பெல்லாம் இரண்டு பக்கமும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டமே இருந்தது. பிள்ளை புத்தகத்தை மாற்ற வேண்டியதில்லை. 2023-24 கல்வியாண்டு முதல் நம் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறத் தொடங்கின. 2025இல் நம் பிள்ளைகள் அந்தப் பொதுத்தேர்வை முதன்முறையாக எழுதினார்கள். அது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்ல இங்கே வரவில்லை. ஆனால் பொறையாறு பள்ளியில் எட்டு படித்துவிட்டு இங்கே ஒன்பதுக்கு வந்து நிற்கும் பிள்ளைக்கு அது ஆறடிச் சுவர் போலத்தான் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்தில் பிரெவே எழுதிய நம் பாட்டனார்களும் 1954 நவம்பர் 1க்குப் பிறகு இப்படித்தான் திகைத்திருப்பார்கள். அவர்களில் சிலருக்கு பிரெஞ்சுப் பென்ஷன் இருந்தது. இந்தப் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை!

சரி, நின்றுவிட்ட பிள்ளைக்கு வழியே இல்லையா? இருக்கிறது. அதைச் சொல்லவே இந்தக் கூட்டம்.

தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்று ஒன்று உண்டு; என்.ஐ.ஓ.எஸ். என்பார்கள். 1979இல் சி.பி.எஸ்.இ. வாரியம் ஒரு சோதனை முயற்சியாகத் தொடங்கியது. 1989 நவம்பரில் மத்திய அரசு அதைத் தனி நிறுவனமாக்கியது. தானே தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்கும் அதிகாரத்தை 1990இல் அரசிதழ் வழியாகக் கொடுத்தது. இப்போதுள்ள பெயர் 2002இல் வந்தது. ஆகவே இது யாரோ மாடியில் நடத்தும் டுடோரியல் அன்று. மத்திய அரசின் வாரியம்.

இதில் 10ஆம் வகுப்புக்குச் சேர 14 வயது நிறைந்திருந்தால் போதும். மேல் வயது வரம்பு கிடையாது. எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாதவரும், "இந்தப் பாடங்களைப் படிக்கும் திறன் எனக்கு இருக்கிறது" என்று தாமே எழுதிக் கையொப்பமிட்டுச் சேரலாம். தமிழ் வழியில் எழுதலாம். ஐந்து பாடங்கள் தேற வேண்டும். அவற்றில் ஒன்று கட்டாயம் மொழிப்பாடமாக இருக்க வேண்டும், இரண்டு மொழிக்கு மேல் கூடாது. ஐந்தையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஒருமுறை பதிவு செய்தால் ஐந்து ஆண்டுகள் செல்லும். அதற்குள் ஒன்பது வாய்ப்புகள். இந்த ஏப்ரலில் தமிழ், அக்டோபரில் சமூக அறிவியல், அடுத்த ஏப்ரலில் மனையியல் என்று ஒவ்வொரு படியாக ஏறலாம். தேறிய பாடம் தேறியதுதான். மறுபடி தொட வேண்டியதில்லை. ஒரு பாடத்துக்குத் தேர்ச்சி மதிப்பெண் 33. வழக்கமான பள்ளியில் பத்து எழுதித் தவறியவர்கள், அங்கே தேறிய இரண்டு பாடங்கள் வரை இங்கே கொண்டுவரலாம். எட்டு முடித்து ஐ.டி.ஐ. படித்தவர்களுக்கும் பத்துக்குச் சமமான சான்றிதழ் கிடைக்க 2016இல் ஏற்பாடு செய்யப்பட்டது.

தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை: ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர். இந்த மாதங்களைக் கேட்டதும் மீனவர் வீட்டுப் பெரியவர்கள் முகம் மலர்கிறது. காரணம் தெரிந்ததே. நம் கடலில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள். விசைப்படகெல்லாம் கட்டியிருக்கும். அந்த நாட்களில்தான் முதல் தேர்வு வருகிறது! டெல்லிப் பக்கம் உட்கார்ந்து அட்டவணை போட்டவர்கள் அரசலாற்றை நினைத்துப் போட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் நமக்கென்று போட்டதுபோல் அமைந்திருக்கிறது. அக்டோபர்த் தேர்வு ஐப்பசி மழையில் வருகிறது. அது சிரமந்தான், தேர்வு மையத்துக்கு முழங்கால் தண்ணீரில் போக நேரலாம். ஆனால் அந்த மழையில் படகும் போகாது.

இந்தச் சான்றிதழ் எதற்கு உதவும் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். வளைகுடாவுக்குப் போகாத வீடு நம் பக்கத்தில் குறைவு. 10ஆம் வகுப்புத் தேறாதவரின் பாஸ்போர்ட் குடியகல்வுச் சோதனை தேவைப்படும் வகையைச் சேர்ந்தது. சவூதிக்கோ குவைத்துக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போக அவருக்குத் தனி அனுமதி வேண்டும். அந்த அனுமதியை வாங்கித் தருகிறேன் என்று சொல்லித்தான் தரகர்கள் தாலிக்கொடி வரை கழற்றி வாங்குகிறார்கள். பத்துத் தேறியவருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு தாளின் விலை இப்போது புரிகிறதா?

இனி, இதில் உள்ள கண்ணிகளையும் சொல்லிவிட வேண்டும். ஒரே பக்கம் பேசினால் அது விளம்பரமாகிவிடும்.

இங்கே கணக்குப் பாடம் கட்டாயமில்லை. கணக்கைக் கண்டு ஓடிவந்த பிள்ளைக்கு இது சொர்க்கவாசல் போலத் தோன்றும். பாலிடெக்னிக் போக நினைக்கிற பையன் கணக்கையும் அறிவியலையும் விட்டுவிட்டுப் பத்து முடித்தால், அங்கே போய் வாசலில் நிற்பான். ஆகவே பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே, இவன் பிறகு என்ன செய்யப் போகிறான் என்று கேட்டுவிட வேண்டும். கடலிலேயே இருக்கப் போகிறவனுக்கும், கடைக்கு வேலைக்குப் போகும் பெண்ணுக்கும் தமிழ், சமூக அறிவியல், மனையியல், வணிகம், ஓவியம் போதும். தொழில்நுட்பம் படிக்க ஆசைப்படுகிறவனிடம், "தம்பி, ஒரு வருடம் கூடுதலானாலும் கணக்கை விடாதே" என்று சொல்ல வேண்டும். இதை நாங்கள் ஒரு பையனிடம் சொல்லத் தவறினோம். அவன் இன்று அதற்காக வருந்துகிறான்.

இரண்டாவது, "பணம் கட்டுங்கள், பாஸ் போட்டுத் தருகிறோம்" என்று சொல்கிறவர்கள். இவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பெயரளவில் அதே வாரியம் போல ஒன்றைச் சொல்லுவார்கள். தாளும் பளபளப்பாக இருக்கும். அது எங்கும் செல்லாது. சேர்க்கையை வாரியத்தின் சொந்த இணையதளத்திலோ, அதன் அங்கீகாரம் பெற்ற மையத்திலோ மட்டும் செய்யுங்கள். சந்தேகம் இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பு பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள். கட்டிய பிறகு வந்து அழ வேண்டாம்.

மூன்றாவதுதான் பெரிய கண்ணி. அதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

முந்தைய ஆண்டு, பழைய மறைக்கல்வி அறையைத் திறந்துவைத்து, இந்த வழியில் சேர விரும்பும் பிள்ளைகள் வரலாம் என்று அறிவித்தோம். ஒரு பெஞ்சு நிறையப் பிள்ளைகள் வந்தார்கள். வின்சென்ட் தே பவுல் சபையார் கட்டணம் கட்டினார்கள். புத்தகக் கட்டுகள் வந்தன. ஆசீர்வதித்துக் கொடுத்தோம். படமும் எடுத்துக்கொண்டோம். அதோடு நம் கடமை முடிந்தது என்று நினைத்தோம். தீபாவளி வருவதற்குள் பெஞ்சில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருநாள் அந்த இரண்டு பேரும் வரவில்லை. ஆசிரியர் மட்டும் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார்.

திறந்தநிலைப் பள்ளி என்றால் கதவு திறந்திருக்கும் என்று பொருள். திறந்த கதவு வழியாக உள்ளே வருவது போலவே வெளியே போவதும் எளிது. வழக்கமான பள்ளியில் பிள்ளை வராவிட்டால் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையாவது விழும். இங்கே அதுவும் இல்லை. புத்தகத்தை வீட்டில் வைத்துப் படி என்கிறது வாரியம். எந்த வீட்டில்? ஒற்றை அறையில் ஆறு பேர் படுத்திருக்கும் வீட்டிலா? தானாகப் படிக்கத் தெரிந்த பிள்ளையாக இருந்தால் அது பள்ளியை விட்டே நின்றிருக்காது அல்லவா?

என்ன தவறு நடந்தது என்று ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டோம். மாலை ஆறு மணிக்கு வகுப்பு வைத்திருந்தோம். ஏனென்றால் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு அது வசதி. பின்னிரவில் கடலுக்குப் போகும் பையன் மாலையிலேயே படுத்தாக வேண்டும் என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. துணிக்கடையில் நிற்கும் பெண்பிள்ளைக்குக் கடை சாத்தவே ஒன்பதாகும் என்பதும் தோன்றவில்லை. குருமடத்தில் தத்துவமும் இறையியலும் ஒன்பது பத்து ஆண்டுகள் படித்தோம். படகு எத்தனை மணிக்குப் போகிறது என்று அங்கே யாரும் சொல்லித் தரவில்லை.

இன்னொன்றும் தெரியவந்தது. சில பிள்ளைகளுக்குப் பாடம் கடினம் என்பதல்ல காரணம். தமிழையே எழுத்துக் கூட்டித்தான் படித்தார்கள். ஒன்பதாம் வகுப்பு வரை போன பையன்! பதினாறு வயது, அரும்பு மீசை, மற்றவர் முன்னால் எழுத்துக் கூட்டிப் படிக்க வெட்கப்பட்டு நின்றுவிட்டான். அவன் சோம்பேறி என்று நாங்களே பிரசங்க மேடையில் குறிப்பாகப் பேசியிருக்கிறோம். மன்னிக்க வேண்டும்.

இத்தாலியில் தூரின் நகரத்தில் அருளாளர் ஒருவர் இருந்தார். அவரைத் தொன்போஸ்கோ என்று அறிவோம். கிராமங்களிலிருந்து கொத்து வேலைக்கும் புகைக்கூண்டு துடைக்கும் வேலைக்கும் வந்த பையன்களை 1841 முதல் சேர்த்தார். அவர்களுக்கு ஞாயிறு மட்டுமே ஓய்வு என்பதால் ஞாயிறு பள்ளி வைத்தார். பிறகு வேலை விடும் நேரம் பார்த்து 1845 குளிர்காலத்தில் இரவு வகுப்பு வைத்தார். வேலைக்குப் போகும் பையனை முதலாளி அடிக்கக்கூடாது, வேறு வேலை வாங்கக்கூடாது, விடுமுறை தர வேண்டும் என்று 1852இல் முத்திரைத்தாளில் ஒப்பந்தமே எழுதி வாங்கினார். பையனின் நேரத்துக்குப் பள்ளி வளைந்ததே தவிர, பள்ளியின் நேரத்துக்குப் பையன் வளையவில்லை. அவருடைய சபையார் இந்தியாவில் முதன்முதலில் பணி தொடங்கிய இடம் எது தெரியுமா? நம் தஞ்சாவூர்தான், 1906ஆம் ஆண்டு. இவ்வளவு அருகில் வந்த பாடம் எங்களுக்கு எட்ட இவ்வளவு காலமாயிற்று.

இரண்டாம் ஆண்டு மாற்றினோம். ஃபைபர் படகுப் பையன்களுக்கு மதியத் தூக்கம் எழுந்தபின் நாலு மணி. ஐஸ் ஏற்றுகிறவர்களுக்கு ஏழு மணி. விசைப்படகில் நாள்கணக்கில் போகிறவன் கரைக்கு வந்த அன்று எந்த நேரத்திலும் வரலாம்; அவனுக்கென்று தனி நோட்டு, விட்ட பக்கத்தில் நூல் வைத்திருக்கும். பெண்பிள்ளைகளை இருட்டிய பின் அனுப்பத் தாய்மார் தயங்கினார்கள்; நியாயந்தான். அருட்சகோதரிகள் தங்கள் மடத்துத் தாழ்வாரத்தைச் சனிக்கிழமை மதியம் விட்டுக்கொடுத்தார்கள். கடைக்குப் போகும் பெண்களுக்கு ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின். எழுத்துக் கூட்டும் பையனை நம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தம் வீட்டுத் திண்ணைக்கு அழைத்துப்போனார். பாடப்புத்தகத்தைத் தொடவே இல்லை. தினமும் தினத்தந்தியில் மீனவர் செய்தியை மட்டும் உரக்கப் படிக்கச் சொன்னார். படகு பிடிபட்ட செய்தி, டீசல் விலை, புயல் எச்சரிக்கை. அவனுக்குத் தெரிந்த உலகம். நாலு மாதத்தில் முழுப் பக்கமும் படித்தான். அறிவொளி இயக்க நாட்களில் நம் புதுவை மாநிலத்தில் தெருவிளக்கடியில் பாடம் சொன்னவர்கள் சிலர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு இது புதிதல்ல.

எல்லாவற்றையும்விட வேலை செய்தது ஒன்றுதான். பிள்ளை இரண்டு முறை வராவிட்டால் மூன்றாம் முறை வீட்டுக்கு ஒருவர் போகிறார். திட்டுவதற்கு அல்ல. "ஏம்ப்பா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுவிட்டு, ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வருகிறார். அவ்வளவே. வீட்டிலிருந்து எழுதி அனுப்ப வேண்டிய பயிற்சித்தாள்களுக்கு இருபது விழுக்காடு மதிப்பெண் இருக்கிறது. அதைப் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். அதையும் அந்த ஆளே நினைவுபடுத்துகிறார்.

இப்படிச் செய்தும் எல்லாரும் தேறிவிடவில்லை. ஒரு பெண்பிள்ளை மூன்று பாடம் முடித்திருந்தாள், பதினேழு வயது. அதற்குள் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள். பதினெட்டுக்கு முன் செய்வது சட்டப்படி குற்றம், திருச்சபையிலும் ஓலை வாசிக்க மாட்டோம் என்று சொன்னபோது, வேறு ஊரில் முடித்துக்கொண்டார்கள். அந்தத் தகப்பனார் இந்தக் கூட்டத்தில் இல்லை. இருந்திருந்தாலும் இதைச் சொல்லியிருப்போம். அவளுடைய பதிவு இன்னும் இரண்டு ஆண்டுகள் உயிரோடு இருக்கிறது. அவளுடைய அம்மாவிடம் அந்தத் தேதியை எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

பங்குப் பேரவையில் ஒரு கேள்வி வந்தது. வருகிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் நம் பங்கைச் சேர்ந்தவர்கள் அல்லர். கரையோரத்து இந்து வீட்டுப் பிள்ளைகள், இரண்டு மூன்று முஸ்லிம் பிள்ளைகள். நம் பணத்தில் அவர்களுக்கு எதற்கு என்று கேட்டார்கள். கேட்டவர் நல்லவர், கோவிலுக்கு நிறையச் செய்தவர். அவருக்கு அன்று சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. பிறகு துறைமுகத்தில் ஒரு படகோட்டியிடம் பேசிக்கொண்டிருந்தபோது பதில் கிடைத்தது. "பங்கு" என்ற சொல் நமக்குக் கோவிலைக் குறிக்கும். அவர்களுக்கு மீன் விற்ற பணத்தைக் குறிக்கும். டீசலும் ஐசும் போக மிச்சத்தைப் படகில் போன எல்லாருக்கும் பிரிக்கிறார்கள். முதன்முதலாக வந்து சோறு பொங்கிப் போட்ட பொடியனுக்கும் அரைப் பங்கு உண்டு. அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்பதில்லை, படகில் வந்தானா என்றுதான் கேட்கிறார்கள். அந்த நண்பருக்கு இதைச் சொன்னோம். சிரித்தார். இப்போது ஏழு மணி வகுப்புக்குச் சுண்டல் அவர் வீட்டிலிருந்துதான் வருகிறது.

பொன்விழா நினைவாக வாசலில் வளைவு கட்ட வேண்டும் என்று ஒரு யோசனை இருக்கிறது. கட்டுங்கள், தடுக்கவில்லை. மறைக்கல்வி அறையில் இரண்டு டியூப் லைட் எரியவில்லை, கூரை ஒரு மூலையில் ஒழுகுகிறது என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறோம். பணத்தைவிட ஆள் வேண்டும். கணக்குச் சொல்லித்தர ஆள் இல்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் போதும். பட்டம் தேவையில்லை; பையன் தப்பாகச் சொன்னால் சிரிக்காமல் இருக்கத் தெரிந்தால் போதும். வீடு வீடாகப் போக இரண்டு பேர் வேண்டும். சைக்கிள் இருந்தால் நல்லது.

பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். "மக்கு", "உருப்படமாட்டான்" என்ற சொற்களைக் கொஞ்ச நாளைக்கு வீட்டில் நிறுத்திவையுங்கள். உங்கள் பிள்ளையைப் பள்ளியில் கூப்பிட்டு மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளச் சொன்னால், அன்றே கையெழுத்துப் போட்டு வாங்கிவிடாதீர்கள். ஏன் என்று கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். தாளாளராக இருந்தவர்கள் சொல்கிறோம்: கேட்கிற தகப்பனுக்கு முன்னால் பேனா சற்றுத் தயங்கும். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த வாரத்திலேயே எங்களிடம் வாருங்கள். ஆறு மாதம் கழித்து வந்தால் பையன் கையில் சம்பளம் புழங்கத் தொடங்கியிருக்கும். பிறகு அவனை உட்காரவைப்பது மிகக் கடினம்.

வரும் திங்கட்கிழமை மாலை நாலு மணியிலிருந்து எட்டு மணி வரை சேர்க்கைக்கான விண்ணப்பத்தை இங்கேயே கணினியில் பதிவு செய்கிறோம். இளைஞர் மன்றத்தார் இருப்பார்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார் அட்டை, புகைப்படம், பள்ளியில் கடைசியாகக் கொடுத்த ஏதாவது ஒரு தாள், இவற்றைக் கொண்டுவாருங்கள். தாள் தொலைந்துபோயிருந்தாலும் பரவாயில்லை, பிள்ளையைக் கொண்டுவாருங்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு அதை எப்படி வாங்குவது என்று எடுத்துச் சொல்ல, அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் வர இசைந்திருக்கிறார். பெண்பிள்ளைகளுக்கும் ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்கும் கட்டணத்தில் சலுகை உண்டு. மிச்சத்தைச் சபையார் பார்த்துக்கொள்வார்கள்.

ஐஸ் ஏற்றிய அந்தப் பையனைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னோம். அவனுக்கு இப்போது கல்யாணமாகி ஒரு பெண்குழந்தை இருக்கிறது. முதலில் வர மறுத்துவிட்டான். "எனக்கு எதுக்கு சாமி இனிமே?" என்றான். மூன்று முறை போனோம். நாலாம் முறை அவன் மனைவி அவனைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தாள். தமிழ், மனையியல், வணிகம் தேறிவிட்டான். மனையியலில் தான் நல்ல மதிப்பெண். அதைச் சொல்லி வீட்டில் சிரிக்கிறார்களாம். சமூக அறிவியலில் ஒருமுறை தவறினான். ஓவியத்தோடு சேர்த்து இந்த அக்டோபரில் மறுபடி எழுதுகிறான். போன வாரம் வந்தபோது, "மழைக்காலத்துல பரீட்சை, போய் எழுத முடியுமாப்பா?" என்று கேட்டோம்.

"மழை வந்தா போட்டு போவாது சாமி, ஐஸ் வேலையும் இருக்காது. பகல்லயே படிக்கலாம். அந்த மூலை ஒழுகறதை மட்டும் சரி பண்ணிடுங்க" என்றான்.